2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை: மூட்டை ஏன் குறைந்தது?

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும் சிங்கப்பூர் யீஷூனில் நம் நான்கு புளோக்குகளில் குடியிருக்கும் அண்டை வீட்டாருக்கும் வணக்கம். ஆங்கில அறிக்கையைத் தலைவர் படிப்பார். அது ஒரே பக்கம், கணக்கு மட்டும். இது நம் தமிழ்க் குடும்பங்களுக்காக நான் தனியே எழுதியது. அதனால் கொஞ்சம் கதையும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் கேட்கும் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மாதத்தின் கடைசி ஞாயிறு காலையில் கீழ்த்தளத்தில் மேசை போட்டு மறுசுழற்சிக்காக பிளாஸ்டிக் சேகரிக்கிறோம். ஜனவரியில் பன்னிரண்டு மூட்டை கட்டினோம். நவம்பரில் ஏழுதான். செயற்குழுவில் இரண்டு பேர் இதைச் சரிவு என்றார்கள். ஜனவரியில் அந்த ஞாயிறு சீனப் புத்தாண்டுக்கு முன்னால் வந்தது. வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும் நேரம், அதனால் அன்று எப்போதுமே அதிகம்தான். ஆனால் ஜூலைக்குப் பிறகு மூட்டை குறைந்ததற்குக் காரணம் அது இல்லை. ஜூனில் நான் செய்த தவறு.

அன்று மழை. சாரலுக்கு ஒதுங்கி எல்லோரும் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். ஒருவர் கட்டிக் கொடுத்த சிவப்புப் பையைத் திறந்து பார்க்காமல் அப்படியே மறுசுழற்சிக்கான நீலத் தொட்டிக்குள் போட்டுவிட்டேன். உள்ளே முந்தின இரவு விருந்தின் மிச்சம்: சம்பால் வழியும் டப்பாக்கள், பாதி மீன்கறி. ஏற்கெனவே யாரோ அழகாக மடித்துப் போட்டிருந்த அட்டைப் பெட்டிகளும் செய்தித்தாள் கட்டும் எண்ணெயில் ஊறிவிட்டன. கையுறை போட்டுக்கொண்டு நானும் துப்புரவுத் தம்பியும் மதியம்வரை பொறுக்கினோம். அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

காகிதம், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் எல்லாம் நம் ஊரில் ஒரே தொட்டியில்தான் போகின்றன. வசதியும் அதுதான், வினையும் அதுதான். 2014இலிருந்து ஒவ்வொரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குக்கும் ஒரு நீலத் தொட்டி இருக்கிறது. அப்படியிருந்தும் அதில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு ஆகாத பொருள் என்று தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்லிவருகிறது. உணவு, டயப்பர், பழைய செருப்பு, உடைந்த மிக்சி என்று நாமே பார்க்கிறோமே. அந்த ஜூன் மாதத்தில் அந்த 40இல் என் கைங்கரியமும் சேர்ந்தது.

ஜூலையிலிருந்து எந்தப் பையாக இருந்தாலும் திறந்து பார்த்துத்தான் வாங்குகிறோம். கறி ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுக்கிறோம், அல்லது மேசைக்குப் பக்கத்தில் உள்ள வாளியில் அவர்களையே அலசச் சொல்கிறோம். சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை, ஒருமுறை அலசினால் போதும். தண்ணீர்க் கட்டணம் யார் கட்டுவது என்று ஓர் அங்கிள் கேட்டார், நியாயமான கேள்விதான். ஏழாம் மாடி அக்கா ஒரு வழி சொன்னார்: அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் வைத்து அதிலேயே டப்பாவை அலசிவிடுவாராம். இப்போது என் வீட்டிலும் அதுதான் பழக்கம்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். ஓர் ஆன்ட்டி, “இவ்வளவு பாடு எதுக்கு, குப்பைக் குழாயிலேயே போட்டிருப்பேன்” என்று பையைப் பிடுங்கிக்கொண்டு போனார். இன்றுவரை திரும்பவில்லை. அவரைப் போலச் சில வீடுகள் நின்றுபோயின, மூட்டையும் குறைந்தது. ஆனால் ஏழு மூட்டையில் எதையும் வெளியே எடுத்துப்போட வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு மூட்டைக் காலத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

அடிக்கடி திருப்பி அனுப்பிய பொருள்களையும் சொல்லிவிடுகிறேன். ஈரச்சந்தையிலிருந்து வரும் வெள்ளை நுரைப்பெட்டியை நீலத் தொட்டியில் போடக் கூடாது. ‘மட்கும்’ என்று அச்சடித்த பையையும் போடக் கூடாது. நல்ல எண்ணத்தோடு கொண்டுவருகிறார்கள், பாவம், ஆனால் அது மற்ற பிளாஸ்டிக்கோடு சேர்ந்தால் உருக்கி எடுப்பதன் தரம் கெடும். கறுப்பு டப்பாவை வாங்குகிறோம், ஆனால் அரைமனத்தோடு. ஒளியைப் பாய்ச்சி பிளாஸ்டிக் வகையைக் கண்டுபிடிக்கும் இயந்திரங்களுக்குக் கறுப்புச் சாயம் சரியாகப் பிடிபடுவதில்லை. சாப்பாடு கட்டி வாங்கும்போது சொந்த டப்பா கொண்டுபோவது உத்தமம். நானும் மூன்றில் ஒரு தடவைதான் கொண்டுபோகிறேன்.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு முறுக்கு ஜாடிகள் மலையாகக் குவியும் என்று கூடுதலாகச் சாக்கு வாங்கி வைத்தோம். சிவப்பு மூடி ஜாடி ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் அவரவர் வீட்டு அலமாரியில் பருப்பும் மிளகாய்த்தூளும் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. நம் அம்மாக்களுக்கு நாம் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

“எல்லாம் ஒரே லாரியில்தானே போகுது, எதுக்குப் பிரிக்கணும்?” இதற்கு இந்த ஆண்டும் பதில் சொல்லிச் சலித்துவிட்டேன். மறுசுழற்சிப் பொருளுக்கு வேறு லாரி. அது பிரித்தெடுக்கும் ஆலைக்குப் போகிறது. குப்பை லாரி எரியாலைக்குப் போகிறது. எரித்த சாம்பல் துவாஸிலிருந்து கடல்வழியாக செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999இல் திறந்த அந்தக் குப்பை நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்பது அரசாங்கக் கணிப்பு. நமக்கு இருப்பது அது ஒன்றுதான். 2023இல் சிங்கப்பூரில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது 5 விழுக்காடுதான். நம் ஏழு மூட்டை அந்த எண்ணை அசைக்கப் போவதில்லை, அது எனக்கும் தெரியும்.

செமாக்காவுக்கு ஒரு சுற்றுலா ஏற்பாடு செய்வதாகப் போன ஆண்டு சொல்லியிருந்தேன். நடக்கவில்லை. தவறு என்னுடையதுதான்.

அப்புறம், முக்கியமான விஷயம். 2026 ஏப்ரல் 1 முதல் பானக் கலன்களுக்கு வைப்புத்தொகை வருகிறது. 150 மில்லிலிட்டரிலிருந்து 3 லிட்டர்வரை உள்ள பிளாஸ்டிக் போத்தலுக்கும் உலோக டின்னுக்கும் வாங்கும்போது 10 காசு கூடுதல். காலியானதும் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் கொடுத்தால் அந்த 10 காசு திரும்பக் கிடைக்கும். கலனில் அதற்கான முத்திரை இருக்க வேண்டும். முதல் ஆறு மாதம் முத்திரை இல்லாத பழைய சரக்கும் கடையில் கலந்திருக்கும், பார்த்து வாங்குங்கள்.

இதில் நமக்கொரு சங்கடம். இடம் மிச்சமாகட்டும் என்று போத்தலை நசுக்கச் சொல்லி இத்தனை நாளாகப் பாடம் நடத்தினோம். பிள்ளைகள்கூட ஏறி மிதித்து நசுக்குவார்கள். இனி நசுக்கினால் கலனைத் திருப்பி வாங்கும் இயந்திரம் பட்டைக்குறியைப் (பார்கோடு) படிக்காது, காசும் வராது. ஆகவே ஏப்ரலிலிருந்து நம் பழைய பாடத்தை நாமே அழித்து எழுத வேண்டும். எண்ணெய், சோயா சாஸ், ஷாம்பு போத்தல்களை முன்போலவே நசுக்கலாம். இதை விளக்கிப் படம் வரைந்து மின்தூக்கி முன்னால் ஒட்டப் போகிறோம். படம் வரையத் தெரிந்தவர்கள் தயவுசெய்து பெயர் கொடுங்கள்.

அந்த 10 காசை நம் குழுவின் நிதிக்குத் திரட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. எனக்கு உடன்பாடில்லை. காலையில் தள்ளுவண்டியோடு வந்து டின் பொறுக்கும் மூத்தவர்கள் மூன்று பேரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேசைக்கு வரும் முத்திரைக் கலன்களைத் தனிக் கூடையில் போட்டு அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. பொருளாளர் வேறு மாதிரி நினைக்கிறார். இன்றைய கூட்டம் முடிவு செய்யட்டும்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். பிளாஸ்டிக்கை விற்று நமக்கு ஒரு காசும் வரவில்லை. பழைய சாமான் வாங்க வரும் காராங் குனிகூட அதைச் சீண்டுவதில்லை. செலவு சாக்கு, கையுறை, தேநீர், அவ்வளவுதான்.

தொண்டூழியர்கள் ஒன்பது பேர் இருந்தோம், இப்போது ஆறு பேர். ஒருவர் பொங்கோலுக்கு வீடு மாறினார், இருவருக்கு முழங்கால் வலி. காலை எட்டிலிருந்து பத்துவரை இரண்டு பேராவது புதிதாக வந்தால் வாளிப் பக்கம் நிற்க ஆள் இருக்கும்.

அடுத்த சேகரிப்பு மார்ச் 29. நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் என்பதால் பலகார ஜாடிகள் வரக்கூடும், வராமலும் போகலாம். வாளி ஓட்டையாகிவிட்டது. யார் வீட்டிலாவது உபரியாக ஒன்று இருந்தால் எடுத்து வாருங்கள்.