எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய இன்சென்டிவ் படிவத்தைப் படித்தேன். இரண்டு திட்டத்தில் ஒன்றை நீ டிக் அடிக்கவேண்டும். ஒன்று, விற்றதற்கெல்லாம் நேராக 4 சதவீதம். இன்னொன்று ஸ்லாப், அதாவது படிப்படியாக ஏறுவது: மாதம் 10 லட்சம் வரை 2 சதவீதம், அதற்கு மேல் போகிற தொகைக்கு மட்டும் 8 சதவீதம். அந்த 8 கண்ணை இழுக்கத்தான் செய்யும். 12 லட்சம் விற்றால் நேர்த் திட்டத்தில் 48,000 ரூபாய், ஸ்லாபில் 36,000. 15 லட்சத்தில்தான் இரண்டும் சமமாகின்றன.

"நான் 15 தாண்டிடுவேன்" என்கிறாய். உன் பக்கத்து மேஜைக்காரரும் அதைத்தான் சொல்வார். லார்கின், லைடர் என்ற இருவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வும் இதைப் பற்றியதுதான்: தன் திறமையைக் கூட்டி மதிப்பிடுகிறவர்களே இந்த மாதிரித் திட்டத்தை அதிகம் எடுக்கிறார்கள், கைக்குக் குறைவாக வந்தாலும்.

அதனால் கடந்த 12 மாத பில்லை எடு. ரிட்டர்ன் வந்த சரக்கைக் கழி. தீபாவளி மாதத்தைத் தனியே வை, மனசில் நிற்பது அது ஒன்றுதான். சராசரி போடாதே, மாதம் மாதமாகப் போடு. இரண்டு மாதமும் 12, 12 என்றால் ஸ்லாபில் 72,000. 6, 18 என்று வந்தால் 96,000. மொத்த விற்பனை என்னவோ அதே 24 லட்சம்தான்!

தப்பு நுழைகிற வழியும் இதுதான். இந்த மாத ஆர்டரை அமுக்கி வைத்து அடுத்த மாதம் பில் போடுவார்கள். அல்லது 30ஆம் தேதி டீலர் தலையில் சரக்கைக் கட்டுவார்கள். 5ஆம் தேதி அது திரும்பி வரும். ரிட்டர்ன் வந்தால் கொடுத்த இன்சென்டிவைப் பிடிப்பார்களா, கணக்கு பில் தேதிக்கா பணம் வந்த தேதிக்கா, நடு ஆண்டில் எல்லையை உயர்த்துவார்களா என்று ஹெச்.ஆரிடம் மெயிலிலேயே கேள். வாய்ப்பேச்சு செல்லாது.

முதல் மூன்று இடத்துக்குப் பரிசு என்கிற போட்டியைக் கணக்கில் சேர்க்காதே. ஏரியா ஆளுக்கு ஆள் வேறு. ஜூலையிலேயே பின்தங்கியவர் முயற்சியை விட்டுவிடுவார், முன்னால் இருப்பவர் யாருக்கும் துப்பு சொல்லமாட்டார். டார்கெட் நெருக்கினால் எதுவரை போகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி இருக்கிறது: வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகள் திறந்து, 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம், சுமார் 5,300 பேருக்கு வேலை போனது.

எக்செலில் போட்டதும் வாட்ஸாப்பில் அனுப்பு. ரிட்டர்ன் போடுகிற கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பாதே.

அம்மா