முதுகைக் காட்டாத விசைப்பலகைக்கு விலை கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினி விசைப்பலகைகளைத் தேடித் தேடி வாங்கும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இணையப் பதிப்பில் படித்தேன். அந்தப் பலகைகளின் ஓசையையும், விசையை அழுத்தும்போது விரலில் தட்டும் அந்தத் துல்லியத்தையும் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் அவற்றை வாங்கும் வழியை மட்டும், இணைய ஏலத் தளங்களில் மலிவாகக் கிடைக்கும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கட்டுரை வந்த நான்காம் நாள், திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகன் என்னை அழைத்து, "மாமா, அங்கே ஏலத்தில் ஒன்று எடுத்து, ஊருக்கு வரும்போது கொண்டுவாருங்கள்" என்று கேட்டான். அவனைப் போல இன்னும் எத்தனை பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களிடம் இதையே கேட்டிருப்பார்கள் என்ற எண்ணம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

நான் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லியில் வசிக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக இத்தகைய பலகைகளை ஏலத்தில் எடுத்து, பிரித்து, பழுது பார்த்து வருகிறேன். இந்தப் பகுதிக்கு ஒரு சிறப்பு உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தின் புகழ்பெற்ற 'மாடல் எம்' விசைப்பலகைகள் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் மட்டுமல்லாமல், எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் போகக்கூடிய தொலைவில் இருக்கும் கிரீனக் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டன. அந்தத் தொழிற்சாலைக்கென்றே 1978-இல் ஒரு ரயில் நிலையம் திறக்கப்பட்டது, ஐ.பி.எம். என்பதே அதன் பெயர். 2018 டிசம்பரிலிருந்து அங்கே ரயில் நிற்பதில்லை. வெமிஸ் பே செல்லும் வண்டியில் அந்த நடைமேடையைக் கடக்கும்போதெல்லாம், இங்கே செய்யப்பட்ட பலகைகள் இன்னும் ஏதோ ஒரு வீட்டு மேசையில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன். ஆகவே, இவை ஏலத்தின் அலட்சியத்தால் பாழாவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஏலப் பக்கத்தில் விசைப்பலகையின் முன்புறப் படம் எத்தனை அழகாக இருந்தாலும், அதைக் கவிழ்த்து வைத்து எடுத்த படம் இல்லாவிட்டால் விலை கேட்கக் கூடாது.

மாடல் எம் பலகையின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதில் பாக எண், வரிசை எண், செய்த தேதி, செய்த நாடு ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். 1391401 என்று இருந்தால் அது 101 விசைகள் கொண்ட அமெரிக்க அமைப்பு. இந்தியாவில் நாம் பழகியிருப்பது ஏறத்தாழ அதுதான். 1391406 என்று இருந்தால் 102 விசைகள் கொண்ட பிரிட்டிஷ் அமைப்பு. அதில் பவுண்டு குறி மூன்றாம் எண்ணின் மேல் இருக்கும், மேற்கோள் குறியும் மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்தச் சுழிக்குறியும் இடம் மாறியிருக்கும். என் அக்காள் மகனைப் போல ஊரில் வைத்து நிரல் எழுத வாங்குபவருக்கு இது சிறிய வேறுபாடு அல்ல. செய்த தேதியும் பொருளுள்ள செய்திதான். 1985-இல் தொடங்கிய இந்த வகையின் அமெரிக்க உற்பத்தி, 1991-இல் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து பிரிந்த லெக்ஸ்மார்க்கிடம் போனது. 1996-இல் லெக்ஸ்மார்க்கும் அதைக் கைவிட்டது. பிந்தைய ஆண்டுகளின் பலகைகளில் பல, முந்தையவற்றைவிட எடை குறைந்தவை.

இதையெல்லாம்விட முக்கியமான காரணம் வேறு. அதே வடிவம், அதே நிறம், அதே முத்திரையுடன், உள்ளே ஸ்பிரிங் இல்லாமல் ரப்பர் குமிழ்கள் மட்டுமே உள்ள பலகைகளையும் அந்த நிறுவனமே விற்றது. முன்புறப் படத்தில் இரண்டையும் வேறுபடுத்துவது பழகிய கண்ணுக்கே கடினம். ஸ்பிரிங் பலகையில், விசையை அழுத்தும்போது ஒரு சுருள்வில் பாரம் தாங்காமல் பக்கவாட்டில் மடங்கி, அடியில் இருக்கும் சிறு தகட்டைச் சாய்க்கிறது. நாம் கேட்கும் ஓசையும் விரலில் உணரும் தட்டலும் அந்த ஒரு கணத்தில் பிறப்பவை. ரப்பர் குமிழில் இது எதுவும் இல்லை. 'எம்2' என்று ஒரு தம்பி வகையும் உண்டு. அதில் ஸ்பிரிங் இருக்கிறது என்றாலும், மின்சுற்றில் உள்ள கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் செத்துப்போவது எல்லாருக்கும் தெரிந்த குறை. விற்பவர் இந்த மூன்றையும் ஒரே தலைப்பில் 'அரிய பழம்பொருள்' என்று போட்டுவிடுகிறார். பாக எண்தான் வாங்குபவருக்கு உள்ள ஒரே சாட்சி.

கேபிளின் முனையையும் தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். பெரிய மெயின்பிரேம் கணினிகளோடு இணைந்த திரை முனையங்களான டெர்மினல்களுக்காகச் செய்யப்பட்ட பலகைகளும் ஏலத்திற்கு நிறைய வருகின்றன; அவற்றில் சில, தொலைபேசிச் செருகியைப் போன்ற முனை கொண்டவை. அவற்றை இன்றைய கணினியில் இணைக்கத் தனியாக ஒரு மாற்றிச் சுற்று செய்தாக வேண்டும். ஏமாற வைக்கும் இன்னொன்று, ஐந்து ஊசிகள் கொண்ட வட்டச் செருகி. 1981-இல் முதல் ஐ.பி.எம். தனிக்கணினியுடன் வந்த 83 விசைப் பலகைக்கும் அதே செருகிதான், 1984-இல் வந்த 84 விசைப் பலகைக்கும் அதே செருகிதான். ஆனால் இரண்டும் கணினியோடு பேசும் முறை வேறு. பின்னதை மலிவான இணைப்பு முனை ஒன்றால், யு.எஸ்.பி.க்கு முன் கணினிகளில் இருந்த பி.எஸ்.2 என்ற சிறிய வட்டத் துளையில் செருகிவிடலாம். முன்னதற்கு அது பயன்படாது. பி.எஸ்.2 பலகையை யு.எஸ்.பி. துளையில் செருகுவதற்கும், மவுஸுடன் இலவசமாக வந்த சிறு முனை போதாது. உள்ளே சில்லு உள்ள மாற்றி வேண்டும். இது தெரியாமல் வாங்கி, பலகை செத்துவிட்டது என்று குப்பையில் போட்டவர்களை நான் அறிவேன்.

இனி, என்னைச் சுட்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், 1988-ஆம் ஆண்டுச் சீட்டுடன் கூடிய ஒரு கிரீனக் பலகையை ஏலத்தில் எடுத்தேன். விற்றவர், மூடப்பட்ட அலுவலகங்களின் பொருள்களை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கும் ஒரு வியாபாரி. படத்தில் பலகை புதிது போல இருந்தது. இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தப் பொருளை அவர் ஒரு கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி, மேலே பழுப்புத் தாள் ஒட்டி அனுப்பியிருந்தார். பெட்டி இல்லை, ஒரு பழைய செய்தித்தாள்கூட உள்ளே இல்லை. பார்சலைக் கையில் வாங்கியதும் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. மேல்மூடியின் வலது மூலை பிளந்திருந்தது. பலகையைத் திறந்தபோது, கடுகு சிதறியது போலக் கறுப்புப் பிளாஸ்டிக் துணுக்குகள் கொட்டின.

அந்தத் துணுக்குகள் என்னவென்று வாசகர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. மாடல் எம் பலகையின் உள்ளே விசைகளைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டு, அதன் கீழே மின்தடம் அச்சிட்ட மெல்லிய தாள்கள், அடியில் வளைந்த எஃகுத் தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும். இவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் ரிவெட்டுகள்; அவற்றின் தலையை உற்பத்தியின்போதே உருக்கி அழுத்திவிடுவார்கள். முப்பது ஆண்டுகளில் அந்தத் தலைகள் உலர்ந்து நொறுங்கும் நிலைக்கு வந்துவிடுகின்றன. மேசை மீது அசையாமல் இருந்தால் இன்னும் பல காலம் தாங்கும். பெட்டியின்றி லாரியில் ஒருமுறை தூக்கி எறியப்பட்டால் ஒரே அடியில் பத்துப் பன்னிரண்டு போய்விடும். அப்புறம் சில விசைகள் அழுத்தினாலும் பதியாது, சில இரண்டு முறை பதியும், அந்த உறுதியான ஓசையும் தளர்ந்துவிடும். இதைச் சரிசெய்ய ரிவெட் இருந்த இடங்களில் நுண்ணிய துளையிட்டு இரண்டு மில்லிமீட்டர் போல்ட்டும் நட்டும் பூட்ட வேண்டும். எனக்கு ஒரு முழு விடுமுறை நாள் போயிற்று. பழுது பார்த்துவிட்டேன், ஆனால் பிளந்த மூலையை ஒட்ட வைத்த தழும்பு இன்றும் இருக்கிறது.

விற்றவருக்கு எழுதியபோது அவர் தந்த பதில் ஒரே வரி: "சோதிக்கப்படவில்லை என்றுதான் போட்டிருந்தேனே." இந்தச் சொல்லைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த வருத்தம். கணினிப் பொருள்களையே நாள்தோறும் விற்கும் ஒருவரிடம், விசைப்பலகையைச் செருகி நான்கு எழுத்துத் தட்டிப் பார்க்க ஒரு கணினிகூட இல்லை என்பதை எப்படி ஏற்பது? சோதிக்க வசதியே இல்லாத சிறு விற்பனையாளர்களும் உண்டு. இறந்துபோன தாத்தாவின் அறையைக் காலி செய்யும் குடும்பங்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வியாபாரியின் பக்கத்தில் அந்தச் சொல் வந்தால், சோதித்துப் பார்த்துப் பழுது என்று கண்டபின் எழுதியது என்றே எடுத்துக்கொண்டு, பழுதான பொருளுக்கு உரிய விலையை மட்டுமே கேட்க வேண்டும் என்பது என் அனுபவம்.

பிரிட்டனில் வணிகமாக விற்பவரிடம் இணையவழி வாங்கினால், பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லச் சட்டம் இடம் தருகிறது. பொருள் தக்க தரத்துடன் இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. தனிநபர் விற்றால் இந்த இரண்டும் இல்லை; அவர் எழுதிய விவரிப்புக்குப் பொருள் மாறாக இருந்தால் மட்டுமே கேட்க முடியும். எனவே ஏலப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே நமக்குள்ள பிடி. கேள்வி கேட்பதையும் பதில் வாங்குவதையும் அந்தத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே செய்வது நல்லது. தொலைபேசியில் சொன்ன வாக்கு பின்னால் உதவாது.

இணைய ஏலத்தின் தொடக்கமே, இப்படிப் பொருளின் நிலையை மறைத்து விற்பதற்கு நேர்மாறான ஒரு செய்தி என்பதை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். 1995-இல் பியர் ஒமிதியார் தொடங்கிய தளம்தான் பிறகு ஈபே ஆனது. அதில் முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டி. விலை 14 டாலர் 83 சென்ட். அது உடைந்தது என்பது தெரியுமா என்று ஒமிதியாரே வாங்கியவரிடம் கேட்டதாகவும், உடைந்த லேசர் சுட்டிகளைத்தான் தான் சேகரிப்பதாக அவர் பதில் சொன்னதாகவும் அந்த நிறுவனமே சொல்லிவருகிறது. உடைந்ததை உடைந்தது என்று சொல்லி விற்றாலும் வாங்க ஆள் உண்டு. என்னைப் போன்றவர்கள் ரிவெட் போன பலகையையும் மகிழ்ச்சியோடு வாங்குவோம். அதன் நிலை முன்பே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

விலை கேட்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். இந்தத் தளங்களில் நம் உச்ச விலையை முன்பே பதிந்துவிட்டால், போட்டிக்கு வருபவரைவிட ஒரு படி மட்டும் மேலே தளமே உயர்த்திக்கொண்டு போகும். பலர் கடைசி நொடிகளில்தான் விலை கேட்பார்கள். அந்தப் பரபரப்பில் இளைஞர்கள் தாம் நினைத்ததைவிட இருமடங்கு கொடுத்துவிடுகிறார்கள். அஞ்சல் செலவு, மாற்றியின் விலை, ரிவெட் பழுது ஆகியவற்றைக் கழித்து மிஞ்சும் தொகையை ஒரு தாளில் எழுதிவைத்து, அதைப் பதிந்துவிட்டுக் கணினியை மூடிவிடுவது என் வழக்கம். வென்றதும் முதல் வேலையாக, பொருளைக் கெட்டியான பெட்டியில் நான்கு பக்கமும் மெத்தை வைத்து அனுப்பும்படி விற்பவருக்கு எழுதுவேன். கூடுதல் செலவை நானே தருவதாகவும் சொல்வேன். பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

பழைய ஆப்பிள் பலகைகளைத் தேடுவோருக்கும் இவை பொருந்தும். அவற்றில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது தூசி: உள்ளே தூசி புகுந்த ஆல்ப்ஸ் நிறுவனத்து விசைகள் மணலை அரைப்பது போல உரசும், படத்தில் அது தெரியவே தெரியாது. மற்ற விசைகள் வெள்ளையாக இருக்க ஸ்பேஸ் பார் மட்டும் மஞ்சளித்திருந்தால் பயப்பட வேண்டாம். அது வேறு பிளாஸ்டிக்.

என்னை அதிகம் வருத்துவது, விசைகளின் மூடிகளை மட்டும் கழற்றித் தொகுப்பாக விற்றுவிட்டு, எலும்புக்கூட்டைக் குப்பைக்கு அனுப்பும் விற்பனையாளர்கள் பெருகிவருவது. அத்தகைய தொகுப்புகளை வாங்குவதைத் தங்கள் வாசகர்கள் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓசையும் உணர்வும் மட்டுமே வேண்டும், பழம்பொருள்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை என்பவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது: லெக்ஸ்மார்க் விட்ட இடத்திலிருந்து, அதே லெக்சிங்டன் ஊரில் தொடங்கப்பட்ட யூனிகாம்ப் என்ற நிறுவனம் அந்த ஸ்பிரிங் பலகைகளை யு.எஸ்.பி. கேபிளுடன் புதிதாகச் செய்து விற்கிறது.

என் அக்காள் மகனிடம் இதைச் சொன்னேன். அவனுக்குப் பழையதுதான் வேண்டுமாம். ஆகவே சென்ற வாரம் 1391401 எண் இருக்கக்கூடும் என்று தோன்றிய மூன்று பலகைகளின் விற்பனையாளர்களுக்கு, முதுகின் படத்தையும் கேபிள் முனையின் படத்தையும் கேட்டு எழுதினேன். ஒருவர் அனுப்பினார், அது டெர்மினல் பலகை. இன்னொருவர் பதிலே தரவில்லை. மூன்றாமவர் ஒரு மூதாட்டி. ஐந்தரை மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பேனரைத் தன் கணவரின் கருவிப்பெட்டியிலிருந்து தேடியெடுத்து, பின்புறத்து நான்கு திருகுகளையும் கழற்றி, உள்ளே ஒரு ரிவெட் துணுக்குகூடச் சிதறவில்லை என்பதையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். வியாழக்கிழமை இரவு அந்த ஏலம் முடிகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பெய்ஸ்லி, ஸ்காட்லாந்து.