பிளக்கைப் பிடுங்கியவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் அலுவலகக் கணினிகளின் டிஸ்க்குகளை அழிக்க வந்த நிரலிடமிருந்து பாதிக்கு மேல் மீட்டுவிட்டோம். கைகொடுத்தவர்களில் சிலருக்குத் தாங்கள் செய்தது எவ்வளவு பெரிய உதவி என்பதே தெரியாது. அதனால்தான் எல்லோரும் அறிய இந்த மடல்.

முதல் நன்றி கணக்குப் பிரிவு அக்காவுக்கு. அவருடைய பழைய கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி, கறுப்புத் திரையில் டிஸ்க்கைச் சரிபார்ப்பதாகச் சதவீதம் ஓடத் தொடங்கியது. “நான் ஒண்ணுமே அமுக்கலையே, இது ஏன் தானா ஓடுது?” என்றவர், யாரும் பதில் சொல்வதற்குள் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அந்தத் திரை போலி. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் தொடங்கி உலகெங்கும் பரவிய நாட்பெட்யா என்ற அழிப்பு நிரலும் இதே வேஷம்தான் போட்டது. சரிபார்ப்பதுபோல் காட்டிக்கொண்டே, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பூட்டிக்கொண்டிருந்தது. ஓடும் கணினியில் பிளக்கைப் பிடுங்கக் கூடாது என்பது பாடம். நல்லவேளை, அக்கா அந்தப் பாடத்தை மதிக்கவில்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டியபோது பெரும்பாலான கோப்புகள் அப்படியே இருந்தன.

நெட்வொர்க் தம்பிக்கு அடுத்த நன்றி. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே, “ஓடுறதை யாரும் ரீஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று மாடிக்கு மாடி ஓடிச் சொன்னார்.

திரையில் பணம் கேட்டுச் செய்தி வந்ததும், கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அதைத் தடுத்தது, முகம் தெரியாத பாதுகாப்பு ஆய்வாளர்கள் பொதுவில் எழுதி வைத்த பகுப்பாய்வுகள். நாட்பெட்யா 300 டாலர் கேட்டது. ஆனால் திரையில் காட்டிய அடையாள எண் வெறும் தற்செயல் எழுத்துக்கோவை, அதை வைத்து யாராலும் சாவி தர முடியாது என்று அவர்கள் கண்டு சொன்னார்கள். 2022 ஜனவரியில் உக்ரைனில் வந்த விஸ்பர்கேட் என்ற நிரலும் 10,000 டாலர் கேட்டது. அதுவும் அழிப்பதற்காகவே எழுதப்பட்டது. மிரட்டல் கடிதம் ஒரு திரைச்சீலைதான். இதைப் படித்துக் காட்டிய பிறகு பணப் பேச்சு அடங்கியது.

மீட்பு வேலைக்கு வந்த நண்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். “குளோன் எடுக்காம ஒரு டிஸ்க்கையும் தொட மாட்டேன்” என்று உட்கார்ந்துவிட்டார். எழுத முடியாதபடி தடுக்கும் கருவி வழியாக ஒவ்வொன்றையும் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு முழு நகல் (அதுதான் குளோன்) எடுத்த பிறகுதான் திறந்து பார்த்தார். புதிய கணினிகளில் டிஸ்க்கின் முன்பகுதி முழுக்கக் குப்பை. அவர் அதோடு மல்லுக்கட்டவில்லை. நேராக டிஸ்க்கின் கடைசித் துண்டான கடைசி செக்டருக்குப் போனார். புதிய கணினிகளின் ஜிபிடி முறையில், டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைக்கோடியில் இருக்கும். அங்கே அந்தப் பிரதியின் அடையாளமான ‘ஈஎஃப்ஐ பார்ட்’ என்ற எழுத்துகளைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரித்தார். அழிப்பவனுக்கு எப்போதும் அவசரம், முன்னால் இருப்பதை அடித்துவிட்டு ஓடிவிடுவான் என்பது அவர் கணக்கு. 1999 ஏப்ரல் 26 அன்று வெடித்த சிஐஹெச் வைரஸும் டிஸ்க்கின் முதல் 1 எம்பியைத்தான் பூஜ்யமாக்கியது. எந்தக் கோப்பு எங்கே என்று குறிக்கும் ஃபேட் அட்டவணையின் இரண்டாவது பிரதி தப்பிய டிஸ்க்குகள் அன்றும் மீண்டன. தொலைந்த பார்ட்டிஷன்களை மீட்கும் டெஸ்ட்டிஸ்க் மென்பொருள் ஓடி முடிந்தபோது எங்கள் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. அதை எழுதி இலவசமாகக் கொடுத்த கிறிஸ்டோஃப் கிரெனியேவுக்கும் இந்த மடலில் ஒரு பங்கு உண்டு.

இன்னொன்றுக்காகவும் அந்த நண்பருக்கு நன்றி. முழுக்க மேலெழுதப்பட்ட டிஸ்க்குகளைக் காட்டி, “இதுல ஒண்ணும் கிடைக்காது, யார் சொன்னாலும் காசு கொடுக்காதீங்க” என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்த நேர்மை அந்த வாரத்தில் எங்களுக்குக் கசந்தது, ஆனால் நிறையச் செலவை மிச்சப்படுத்தியது.

அந்த டிஸ்க்குகளுக்கு பேக்கப்தான் கதி. பேக்கப் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி அலமாரியில் பூட்டும் அண்ணனை எல்லோரும் கேலி செய்வோம். நெட்வொர்க்கிலேயே மாட்டியிருந்த பேக்கப் மற்றவற்றோடு சேர்ந்து போனது. அலமாரியில் இருந்தது பிழைத்தது. (மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு 2017இல் கைகொடுத்தது கானா அலுவலகத்தின் ஒரே ஒரு டொமைன் கண்ட்ரோலர், அதாவது பயனர் கணக்குகளையும் கணினிகளையும் நிர்வகிக்கும் டொமைன் சர்வர். தாக்குதல் நேரத்தில் அங்கே மின்தடை, அதனால் அது தப்பியது! எங்களுக்கு மின்தடை தேவைப்படவில்லை, அண்ணன் இருந்தார்.) மேலிடம் எவ்வளவு அவசரப்படுத்தியும் டொமைன் சர்வரைப் புதிதாக நிறுவி, நிர்வாகிகளின் கடவுச்சொற்களை எல்லாம் மாற்றும்வரை அவர் அலமாரிச் சாவியைத் தரவில்லை. இப்படிப்பட்ட நிரல்களை, அந்த சர்வரிலிருந்து கட்டளை அனுப்பும் குரூப் பாலிசி வசதி வழியாகவே எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பிவிட முடியும். சர்வரைச் சுத்தம் செய்யாமல் அந்த டிஸ்க்கை மாட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

இன்னும் திரும்பாதவை உண்டு; வடிவமைப்புப் பிரிவின் பழைய வரைபடங்களும் சில ஒப்பந்த நகல்களும் கிடைக்கவில்லை. நாங்கள் முன்பு அனுப்பியவை யாருடைய மின்னஞ்சலிலாவது கிடந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். பழைய முகவரியே இப்போதும் வேலை செய்கிறது. அனுப்பப்போகிறவர்களுக்கும் முன்கூட்டியே நன்றி.

என்றும் நன்றியுடன்,
கணினிப் பிரிவினர்