அபராதம் கட்டும்போது மட்டும் மீனவர்

இலங்கை மலைநாட்டு நீர்த்தேக்கங்களின் மீன்பிடிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன மழைக்காலத்தில் எங்கள் டேமில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. ஆகவே எங்களோடு வலை போட்ட அண்ணன் எப்படித் தண்ணீரில் மூழ்கிச் செத்தார், கடற்படைச் சுழியோடிகள் வரும்வரை கரையில் நாங்கள் எப்படிக் காத்துக் கிடந்தோம் என்பதையெல்லாம் திரும்ப எழுதப் போவதில்லை. எந்த டேம் என்றும் எழுதவில்லை. எழுதினால் முதல் போன் எங்கள் சங்கத் தலைவருக்குத்தான் வரும், அவரும் பிள்ளைகுட்டிக்காரர். காசல்ரீ, மவுஸ்ஸாகலை, மேல் கொத்மலை, எந்தப் பேரைப் போட்டு வாசித்தாலும் பொருந்தும்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, போய் வலை போடுகிற ஆட்களை மீனவர்களாகப் பதிந்துகொள்ளுங்கள். இதைப் பலமுறை எழுதிக் கொடுத்துவிட்டோம். இந்த முறை ஊரறிய எழுதுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணனின் மனைவியை நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கிறவர். மலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. கருமாதி முடிந்த கையோடு ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பஸ் ஏறி, மீன்பிடி அலுவலகம் ஒன்றுக்குப் போனார். மீனவர் குடும்பத்துக்கு ஏதாவது உதவியோ காப்புறுதியோ கிடைக்குமா என்று கேட்கத்தான். அங்கே இருந்த ஐயா மரியாதையாகவே நடந்துகொண்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். உட்காரக் கதிரை கொடுத்தார். அப்புறம் கேட்டார்: "உங்கள் கணவர் மீனவர் என்பதற்கு என்ன ஆதாரம்?"

அடையாள அட்டையைக் காட்டினார். பழைய அட்டை. தொழில் என்ற இடத்தில் தொழிலாளி என்று இருக்கிறது. மரணச் சான்றிதழிலும் அதைப் பார்த்தே எழுதிவிட்டார்கள். அப்படியானால் தோட்டத்தில் போய்க் கேளுங்கள் என்றார் ஐயா. தோட்ட ஆபீசில், செக்ரோல் என்கிற தொழிலாளர் சம்பளப் பதிவில் பேர் வெட்டிப் பல வருடம் ஆகிவிட்டது, தண்ணீரில் போன ஆளுக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். ஆக, உயிரோடு இருந்தபோது இரண்டு இடத்திலும் வேலை பார்த்த மனிதர், செத்தபிறகு இரண்டு இடத்துக்கும் சொந்தமில்லை.

மதினி விடவில்லை. அடுத்த தடவை மீன் வாங்குகிற முதலாளியிடம் கெஞ்சி, அவர் கணக்கெழுதும் சீஆர் கொப்பியை வாங்கிக்கொண்டு போனார். அட்டை கிழிந்த கொப்பி. ஈரக்கை பட்டுப் பட்டு ஓரமெல்லாம் ஊதிப் போயிருக்கும். அண்ணன் பேருக்கு நேரே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது: திலாப்பியா 9, காப் 3½, வலைக்காசு கழிவு. திலாப்பியா 6, வலைக்காசு கழிவு. மழை, மீனில்லை, கடன் 500. ஒரு மனிதன் என்ன வேலை செய்து பிழைத்தான் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிவைக்க முடியாது. ஐயா புரட்டிப் பார்த்துவிட்டு, இது அரசாங்க ஆவணம் இல்லையே என்றார்.

நியாயம்தான். அரசாங்க ஆவணம் வேண்டுமென்றால் அரசாங்கம் ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும்.

கொடுத்திருக்கிறது என்பது பிறகுதான் தெரியவந்தது. அண்ணனின் தகரப்பெட்டியில், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளோடு சேர்த்து மடித்து வைத்திருந்தார். நீதிமன்றத்தில் அபராதம் கட்டிய பற்றுச்சீட்டு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மீன்பிடித்த குற்றம். சீல், கையெழுத்து, திகதி எல்லாம் சரியாக இருக்கிறது. அண்ணன் மீன்பிடித்தார் என்று இந்த நாட்டில் அரசாங்கம் எழுதிக் கொடுத்த ஒரே கடதாசி அதுதான். மதினி அதையும் எடுத்துக்கொண்டு போனார். கிடைத்த பதில்: அனுமதி இல்லாமல் மீன்பிடித்தவருக்கு உதவி கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

பிடிக்கிறபோது மீனவர், கொடுக்கிறபோது இல்லை. இதை எந்த மொழியில் விளக்கினால் மதினிக்குப் புரியும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.

அனுமதி கேட்காமலா இருந்தோம்? அண்ணனும் கேட்டார், நாங்களும் கேட்டோம். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. பரவாயில்லை, நிரப்பித் தர ஆள் பிடித்தோம். நிரந்தர முகவரி கேட்டீர்கள். நாங்கள் இருக்கிற லயத்துக் காம்பராவுக்கு (அறைக்கு) உறுதிப்பத்திரம் கிடையாது, அது தோட்டத்துச் சொத்து. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே முகவரி, கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும், ஆள் பார்த்துக் கொடுத்தால் உண்டு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. சரி, அப்படியென்றால் துரையிடம், அதாவது தோட்ட மானேஜரிடம், கடிதம் வாங்கி வா என்றீர்கள். பேர் வெட்டிக்கொண்டு போனவனுக்கு நான் ஏன் கடிதம் தர வேண்டும் என்று துரை கேட்கிறார். தோட்டத்து ஆம்பிளைகள் எல்லாரும் டேமுக்குப் போய்விட்டால் மலையில் வேலை செய்ய யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கிறார். அவர் நிலைமையில் அவர் பேசுகிறார். ஆனால் நாங்கள் மீன்பிடிக்கலாமா கூடாதா என்பதைத் தேயிலைக்காரர் தீர்மானிக்க வேண்டும் என்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க மீன்பிடிச் சட்டத்தை எங்கள் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்து வாசித்துப் பார்த்தாள். அதில் துரையைக் காணவில்லை.

ஏன் தண்ணீருக்குப் போகிறீர்கள், தோட்ட வேலையே செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது 2021 இல். 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. சாமான் விலை இடையில் எங்கே போய் நின்றது என்று உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சம்பளத்துக்கும் இத்தனை கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், இல்லாவிட்டால் அரைப்பேர். அதனால் வீட்டில் ஒருவர் மலைக்கு, ஒருவர் தண்ணீருக்கு என்று ஆனது. லயத்துப் பிள்ளைகள் கறி என்று சாப்பிடுவது பெரும்பாலும் இந்த மீனைத்தான். கடல் மீன் ஹட்டன் வரை ஏறிவந்து சேர்வதற்குள் அதன் விலையும் மலை ஏறிவிடும்.

தண்ணீரில் எங்கள் பாடு என்ன என்பதை ஒரு விஷயத்தை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அண்ணன் போனதும் அதனால்தான். சாயங்காலம் வலையைப் போட்டுவிட்டு வந்து விடியுமுன் எடுக்கப் போவோம். ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிற தண்ணீர் அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று தெரிய ஒரு கையை விட்டுப் பார்த்தால் போதும், அரைமணி நேரத்தில் விரல் மடங்காது. வள்ளம் வாங்க வசதி உள்ளவர் சிலர். மற்றவர்கள் ரெஜிபோம் என்கிற நுரைப்பலகையைக் கட்டி மிதக்கவிட்டு அதில் போகிறவர்கள், அல்லது லொறிச் சக்கரத்து ரியூபில். இந்தத் தேக்கங்களுக்குக் கீழே இருப்பது வெறும் மண் இல்லை. மவுஸ்ஸாகலைக்குள் பழைய மஸ்கெலியா டவுனே இருக்கிறது, தண்ணீர் வற்றினால் கோயில் தெரியும், ஆட்கள் போய் போட்டோ எடுப்பார்கள். எங்கள் தாத்தாமார் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய மலையும் உள்ளேதான் இருக்கிறது. வலை அந்தத் தேயிலைத் தூரிலோ டவுன் சுவரிலோ மாட்டிக்கொள்ளும். அறுத்துவிட்டு வா என்று கரையிலிருந்து சொல்வது சுலபம். வலை கடனுக்கு வாங்கியது. கொப்பியில் இன்னும் கழிந்து முடியவில்லை. ஆகவே குனிந்து இழுப்போம். ரெஜிபோம் ஒரு பக்கம் சாயும். விறைத்த கையால் எதையும் பிடிக்க முடியாது. உயிர்காப்பு அங்கி இருந்திருந்தால் அண்ணன் இன்றைக்கும் எங்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பார். அங்கி கேட்டால், பட்டியலில் பேர் இருக்கிறதா என்பீர்கள். பட்டியலில் பேர் வர, பதிவு வேண்டும்.

ஆகவே திரும்பவும் கேட்கிறோம்: பதிந்துகொள்ளுங்கள்.

ஆதாரம் காட்டச் சொல்வது எங்கள் மலையகத் தமிழ்ச் சனத்துக்குப் புதிது இல்லை. 1948 இல் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டு, பிறந்த நாட்டிலேயே நாடில்லாதவர்களாக்கினார்கள். அதை முழுதாகச் சரிசெய்ய 2003 வரை சட்டத்துக்கு மேல் சட்டம் போட வேண்டியிருந்தது. இப்போது டேமில் செத்தவர் மீன்பிடிக்கத்தான் போனாரா என்பதற்கு அத்தாட்சி. வேறு எதற்குப் போயிருப்பார் என்று நினைக்கிறீர்கள், விடியற்காலையில் குளிக்கவா?

மீன்களின் விஷயத்தில் இந்த நாடு மிகக் கவனமாக இருக்கிறது, அதைப் பாராட்ட வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போட்டு விளையாடுவதற்காக 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் விட்டார்கள், அதற்குப் பதிவு இருக்கிறது. திலாப்பியா 1952 இல் வந்தது, அதற்கும் பதிவு இருக்கிறது. இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்தவை, பிறப்பு அத்தாட்சி யாரும் கேட்கவில்லை. மீன்குஞ்சு விடுகிற விழாக்களில் எத்தனை ஆயிரம் குஞ்சு என்பது வரை எண்ணி மேடையில் வாசிக்கிறீர்கள். காசல்ரீ தண்ணீரில் உல்லாசப் பயணிகளைக் கொண்டு விமானம் வந்து இறங்கியிருக்கிறது, அதற்கு அனுமதி எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும். எண்ணப்படாமல் இருப்பது ரெஜிபோமில் போகிறவன் மட்டும்.

1990 இல் நன்னீர் மீன்பிடி எங்களுக்கு வேண்டாம் என்று அரசாங்கம் கையை எடுத்துக்கொண்டதும், 1994 இல் திரும்பி வந்ததும் உங்களுக்குப் பழைய கதை. அதே 1990 இல்தான் மீனவர் ஓய்வூதியத்துக்கென்று சட்டமும் வந்தது. கடற்கரையில் அதைப் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மீனவருக்கு ஓய்வூதியம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

உங்கள் விதிகளை நாங்கள் எதிர்க்கவில்லை. எட்டரைச் சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண் உள்ள வலை கூடாது என்கிறீர்கள், சரி. தண்ணீரை அடித்து மீனை விரட்டக் கூடாது, அதுவும் சரி, அப்படிச் செய்கிறவர்களால் முதலில் வயிறு காய்வது எங்களுக்குத்தான். ஒரு தேக்கத்தில் எத்தனை வள்ளம் ஓடலாம் என்று கட்டுப்பாடு வைப்பதும் தேவைதான். ஆனால் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் எத்தனை பேர் என்று எப்படிக் கட்டுப்படுத்துவீர்கள்? பதிவு எங்களுக்குச் செய்கிற தருமம் இல்லை, உங்கள் வேலைக்கும் அது வேண்டும்.

துரையின் கடிதத்துக்குப் பதிலாக கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும், ஏற்கனவே பதிந்த மீனவர் இருவரின் சாட்சியையும் ஏற்றுக்கொள்ளலாம். படிவத்தைத் தமிழிலும் அச்சடிக்கலாம், தமிழும் அரசகரும மொழிதான். பதிகிற ஆளுக்கு அட்டையோடு ஓர் உயிர்காப்பு அங்கியையும் கையில் கொடுத்துவிட்டால் இன்னொரு மதினி உங்கள் அலுவலகத்துக்கு வரத் தேவையிருக்காது. அண்ணன் வீட்டு விஷயத்தில், அந்த அபராதப் பற்றுச்சீட்டையே அவர் மீனவர் என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறோம். அதை எழுதியது நாங்கள் இல்லை, அரசாங்கம். எழுதியபோது உண்மையாக இருந்தது இப்போதும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

பதிவுக்கு ஆளை அனுப்புவதாக இருந்தால் தயவுசெய்து காலை ஏழு மணிக்கு முன் வலை எடுக்கிற கரைக்கு அனுப்புங்கள். அதன் பிறகு வந்தால் நாங்கள் மீனை விற்க லயம் லயமாகப் போயிருப்போம், மீனவர் யாரையும் காணவில்லை என்று அறிக்கை எழுதிவிடுவார். மதினிக்கு எழுதுகிற பதிலைத் தமிழில் எழுதி, தோட்ட ஆபீஸ் முகவரிக்கு அனுப்பாமல் எங்கள் சங்கத்துக்கு அனுப்பினால் நன்றாயிருக்கும். போன கடிதம் அவர் கைக்கு வந்தபோது, பதில் எழுத வேண்டிய திகதி கடந்துவிட்டிருந்தது.

இப்படிக்கு,
பதிவில்லாத மீனவர்களுக்காக,
சங்கத்தில் கடிதம் எழுதிக் கொடுப்பவன்