துறைமுக வாரியத்தில் ஊருக்காக உட்காருகிறவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தூத்துக்குடி துறைமுகத்தைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. "உள்ளூர் மக்களின் பிரதிநிதிகள் அடங்கிய துறைமுக வாரியம் இதற்கு ஏற்கெனவே ஒப்புதல் அளித்துவிட்டது" என்று. முப்பது வருடத்துக்கு மேலாக உங்கள் வாசகன் நான். எழுதியவர் வயதில் சின்னவராக இருக்கலாம், அவசரத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் அதைப் பார்த்து அச்சுக்கு அனுப்பியவர்களுக்குமா தெரியாமல் போனது? உள்ளூர் மக்களின் பிரதிநிதி என்று அந்த வாரியத்தில் யாரைச் சொல்கிறீர்கள்?

எங்களுடையதைப் போல மத்திய அரசின் கீழ் இருக்கிற பெரிய துறைமுகங்களுக்கான 2021 பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம் நீங்கள் அறியாததல்ல. தலைவரும் துணைத் தலைவரும் மத்திய அரசு நியமிக்கிறவர்கள். ரயில்வேக்கு ஒருவர், பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒருவர், சுங்கத்துறைக்கு ஒருவர், இயக்குநர் பதவிக்குக் குறையாத மத்திய அரசு அதிகாரி ஒருவர். மாநில அரசுக்கு ஒரே ஒருவர். துறைமுக ஊழியர்கள் சார்பில் இரண்டு பேர். அப்புறம் சார்பற்ற உறுப்பினர்கள் என்று இரண்டிலிருந்து நான்கு பேர். எல்லாரையும் கூட்டினால் 11 முதல் 13 பேர். ஊழியர்களுக்காக வருகிற இருவரை நான் குறை சொல்லவில்லை, அது அவர்கள் உரிமை. சார்பற்ற உறுப்பினர்களும் படித்தவர்களாக, விஷயம் தெரிந்தவர்களாக இருப்பார்கள். ஆனால் அவர்களில் ஒருவராவது இந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது? 2008-லிருந்து தூத்துக்குடி மாநகராட்சி. அதன் மேயருக்குக்கூட அங்கே நாற்காலி இல்லை.

முன்பு இப்படி இல்லை. 1963 சட்டப்படி இருந்தது அறங்காவலர் வாரியம். போர்ட் டிரஸ்ட் என்றால்தான் எங்கள் ஊரில் இன்னும் புரியும். அதில் யார் யாருடைய நலனுக்கு இடம் தரலாம் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். கப்பல் உரிமையாளர்கள், சரக்கு அனுப்புவோர் என்று போகிற அந்த வரிசையில் பாய்மரக் கலங்களின் உரிமையாளர்கள் என்றும் தனியாக ஒரு பெயர் இருந்தது. பாய்மரக் கலம் என்றால் எங்கள் ஊரில் தோணி. டெல்லியில் எழுதிய சட்டத்தில் தோணிக்காரனுக்கு ஒரு சொல் இருந்தது ஐயா. புதிய சட்டம் வந்தபோது அந்தச் சொல்லும் போய்விட்டது. அன்றைக்கு எந்தப் பத்திரிகையிலும் அதைப் பற்றி நான் ஒரு வரி பார்க்கவில்லை, உங்கள் பத்திரிகையிலும் சேர்த்துத்தான்.

என் அப்பா தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்திப்போகிற தலைவராக இருந்தவர். கொழும்புக்கும் மாலேக்கும் போய் வந்தவர். அவருடைய வலது உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு குறுக்காக ஓடும். சோறு பிசையும்போது அந்த இடம் மடங்காது, விரல் நுனியாலேயே உருட்டிச் சாப்பிடுவார். ஒரு முறை பழைய துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிற இடத்தைப் பற்றி ஏதோ தகராறு. அப்பாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வாரியத்தில் இருந்த ஒருவர் வீட்டுக்குப் போனார்கள், என்னையும் கூட்டிக்கொண்டு. அவர் திண்ணையில் உட்கார வைத்து, ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லி, ஒரு தாளில் குறித்துக்கொண்டார். "அடுத்த கூட்டத்துல பேசுதேன் அண்ணாச்சி" என்று அப்பாவிடம் சொன்னார். பேசினாரா, அதனால் என்ன நடந்தது என்பதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. அந்தத் திண்ணை மறக்கவில்லை. இன்று ஒரு தண்டலுக்குக் குறை இருந்தால் எந்தத் திண்ணைக்குப் போவார்?

தோணிக்கும் வாரியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் நிருபர் கேட்கலாம். 1974-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகம் ஆனது. 1979 ஏப்ரல் 1-இல் பழைய துறைமுகத்தையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே தோணி கட்டுகிற இடம், கட்டணம், அங்கே மண் வாருகிற வேலை எல்லாமே வாரியத்தின் கையில். மாலத்தீவுக்கு இன்னும் தோணியில் சரக்கு போகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய வாரியத்துக்கு அதிகாரம் குறைவு. 1997-க்குப் பிறகு கட்டணத்தை நிர்ணயித்தது தனியாக இருந்த கட்டண ஆணையம். இப்போது அதை வாரியமே செய்துகொள்ளலாம். துறைமுக நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்று வாரியமே திட்டமிடலாம். கடன் வாங்கலாம், ஒரு வரம்புவரை மத்திய அரசின் அனுமதிகூட வேண்டியதில்லை. பள்ளிக்கூடம், மருத்துவம், வீட்டுவசதி என்று சமூக நலனுக்குச் செலவு செய்யலாம். இதெல்லாம் நல்லதுதான், வரவேற்கிறேன். முடிவுகள் வேகமாக நடக்க வேண்டும் என்பதற்காக ஆட்களைக் குறைத்தோம் என்றார்கள், சரி. ஆனால் அதிகாரம் இல்லாத காலத்தில் எங்களுக்கு ஒரு நாற்காலி இருந்தது. அதிகாரம் ஊருக்கு வந்ததும் அந்த நாற்காலியை எடுத்துவிட்டார்கள். என்னால் தாங்க முடியாதது இதுதான்.

என் தங்கை மகன் அமெரிக்காவில் சியாட்டிலில் குடியுரிமை பெற்று இருக்கிறான். தபாலில் வந்த வாக்குச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பினான். "மாமா, போர்ட் கமிஷனருக்கும் நாங்கதான் ஓட்டுப் போடுறோம்" என்றான். அங்கே துறைமுகத்தை நடத்துகிற ஐந்து பேரையும் அந்தக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) மக்கள் நான்கு வருடத்துக்கு ஒரு முறை தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் துறைமுக அமைப்பை உருவாக்கியதே மக்கள் வாக்குத்தான், 1911 செப்டம்பர் 5-இல். தேதியைப் பார்த்ததும் நெஞ்சை அடைத்தது. அது வ.உ.சி.யின் பிறந்தநாள். அன்று அவருக்கு 39 வயது நிறைந்தது, சிறையில் இருந்தார். 25 ரூபாய்க்கு ஒரு பங்கு என்று விற்று, ஊராரைக் கப்பல் கம்பெனிக்குப் பங்காளி ஆக்கப் பார்த்த மனிதர். 2011-லிருந்து எங்கள் துறைமுகத்துக்கு அவர் பெயர். பெயர் வைத்தார்கள், சந்தோஷம். அவர் நினைத்த பங்கு எங்கே?

சேதுசமுத்திரத் திட்டத்தை 2005-இல் தொடங்கியபோதும் அதில் இந்தத் துறைமுகத்துக்குப் பொறுப்பு இருந்தது. மீனவர்கள் கேட்ட கேள்விகளை அந்தக் கூட்ட அறைக்குள் கேட்க ஆள் இல்லை. மீனவருக்குப் பழைய சட்டத்திலும் பெயர் சொல்லி இடம் கிடையாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். 2024 பிப்ரவரியில் 7,056 கோடி ரூபாய் வெளித்துறைமுகத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். எங்கள் ஊர் மீனவர் பகுதியான திரேஸ்புரத்தில் வள்ளம் வைத்திருக்கிறவர் தன் பாடு நாளைக்கு எந்தக் கடலில் என்று கேட்டால், பதில் சொல்லக் கடமைப்பட்ட உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டாமா?

சில வருடம் முன்பு ஒரு கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். யார் நடத்திய கூட்டம் என்பது வேண்டாம். மைக் முன்னால் போனதும், "நீங்க எந்த அமைப்பு?" என்றார்கள். "அமைப்பு இல்லை, ஊர்க்காரன்" என்றேன். "அமைப்பு சார்பா மட்டும்தான் பேசலாம், உட்காருங்க பெரியவரே" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். கையில் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன், மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அதைத்தான் அப்புறம் உங்களுக்குத் தபாலில் அனுப்பினேன். நீங்கள் போடவில்லை. இடம் இருந்திருக்காது.

சட்டத்தை மாற்ற உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது இரண்டுதான். அந்த வரியை வந்த பக்கத்திலேயே திருத்திப் போடுங்கள். அப்புறம் வாரிய உறுப்பினர்கள் யார் யார், ஒவ்வொருவரும் யார் சார்பில் உட்காருகிறார்கள் என்று ஒரு சின்னக் கட்டம் கட்டி வெளியிடுங்கள். பழைய துறைமுகத்தில் காலை ஒன்பது மணிக்கு டீக்கடையில் தண்டல்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது அவர்களுக்கு. அந்தப் பக்கம் வருகிற அன்று நானே எடுத்துப்போய்ப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தண்டல் மகன், ஓய்வுபெற்ற கப்பல் ஏஜென்சி கணக்கர்,
தூத்துக்குடி.