பாட்டோடு பெயரையும் அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒருவர், இப்போதெல்லாம் கேட்கிற மாதிரி பாட்டே வருவதில்லை என்று புலம்பி எழுதியிருந்தார். அவர் மேல் தப்பில்லை, அவர் போன் அவருக்கு அதைத்தான் காட்டுகிறது. ஒன்றைக் கேட்டால் அதே சாயலில் இன்னும் பத்தை எடுத்து நீட்டும், பத்தும் கேட்டுக் கேட்டுச் சலித்தவையாக இருக்கும். ஆனால் பாட்டே இல்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள முடியாது. எங்கள் குடும்பத் தொழில் மைக் செட். குடியாத்தத்தைச் சுற்றி நாங்கள் குழாய் ஸ்பீக்கர் கட்டாத ஊர் குறைவு. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

அப்பா காலத்தில் ரெக்கார்டு போட்ட தொழில். திருவிழா என்றால் விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜன், ஆடி மாதம் கூழ் வார்க்கும் இடமென்றால் கொஞ்ச நேரத்தில் எல்.ஆர். ஈஸ்வரி. பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் கல்யாணத்துக்குப் போனால் நாகூர் ஹனிபா, இரவு சாப்பாடு முடிந்த பிறகு உருது கவாலி. சர்ச் ஆண்டு விழாவுக்குப் போனால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள், அவற்றில் சில ராகங்களை இன்றைக்குக் கச்சேரி மேடையில்கூட அதிகம் கேட்க முடிவதில்லை. எந்த வீட்டு விசேஷமோ அந்த வீட்டுப் பாட்டு. ரசனை என்று பெருமை பேச இதில் ஒன்றும் இல்லை, வாடகைக்குப் போன இடமெல்லாம் காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் அப்படி விழுந்ததால்தான், இது நம்ம பாட்டு, அது அவங்க பாட்டு என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு வரவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதிகம் பேர் அறியாத பாட்டு பதிவாகவில்லை என்று சொல்கிற காலம் போய்விட்டது. பங்குனி, சித்திரையில் எந்தப் பாரதக் களரிக்கு, அதாவது பாரதக் கதையை விடியவிடியத் தெருக்கூத்தாக ஆடும் இடத்துக்குப் போனாலும் பாருங்கள், கதையை அறிவித்துச் சிரிக்க வைக்கும் கட்டியக்காரன் திரையை விலக்கிக்கொண்டு வந்ததுமே முன்வரிசை முழுக்க போன் தூக்கி நிற்கிறது. விடிந்து, கதை முடியும் படுகளத்தில் துரியோதனனை அடித்து முடிப்பதற்குள் ராத்திரி ஆட்டம் இணையத்தில் ஏறிவிடுகிறது. தலைப்பு என்ன தெரியுமா? ‘செம கூத்து’, ‘வேற லெவல் முகவீணை’, ‘அர்ஜுனன் தபசு முழு இரவு’. எந்த ஜமா, அதாவது எந்தக் கூத்துக் குழு, அதன் வாத்தியார் யார், ஊதுகிறவர் யார், எந்த ஊர்க் களரி, எந்த வருஷம், ஒன்றும் கிடையாது. தாங்கள் பதிவேற்றும் சேனலின் பெயரை மட்டும் திரை முழுக்கப் பட்டை அடித்திருப்பார்கள்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் சின்ன ஒலிப்பதிவு ஒன்று வந்தது. கர்ண மோட்சக் கூத்து, விடிகிற நேரமாக இருக்க வேண்டும், பாடுகிறவர் குரல் கம்மிப்போயிருக்கிறது. அவர் விருத்தத்தை ஒவ்வொரு அடியாக இழுத்து இழுத்து நிறுத்த, பின்னாலேயே முகவீணை வருகிறது. முகவீணை தெரியாதவர்களுக்கு: நாயனத்தைச் சுருக்கி ஒன்றரைச் சாண் ஆக்கினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு குழல், கீச்சென்று மேலே ஏறும். மைக் இல்லாத காலத்தில் பக்கத்து ஊர் வரை கேட்டது இதுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த ஆள் அதைக் கீச்சென்று ஊதவில்லை. பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்கப் போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தவர் மாதிரி, சரியாக அந்த இடத்தில் நுழைந்து, அவர் விட்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் திரும்பி வரும்வரை இறக்கி வைக்காமல் வைத்திருக்கிறார். கம்மிப்போன குரலை அந்த இரவு காப்பாற்றியது அவர்தான். அனுப்பினவரைக் கேட்டேன், வேறொரு குரூப்பில் வந்தது என்றார். அங்கே கேட்டால் அவர்களுக்கும் யாரோ பார்வேர்டு பண்ணியது. அதோடு தடம் போச்சு.

இதில் என் வயிற்றெரிச்சல் வெறும் ரசிகனுடையது மட்டும் இல்லை. மைக் செட்காரனிடம்தான் விழாக் கமிட்டிக்காரர்கள், ‘நல்ல ஜமா இருந்தா சொல்லுப்பா, முன்பணம் கொடுத்துடலாம்’ என்று வந்து நிற்பார்கள். அந்த முகவீணைக்காரர் பெயர் தெரிந்திருந்தால் அந்த சீசனிலேயே அவரைச் சொல்லியிருப்பேன். நான் போன சில களரிகளில் முகவீணை இடத்தில் ஆர்மோனியம் மட்டும்தான் இருக்கிறது, ஊத ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள். ஆள் இருக்கிறார், ஆயிரம் போனுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கூப்பிடப் பெயர்தான் இல்லை.

பெயர் சொல்கிற வழக்கம் ஒலிப்பதிவு நம் நாட்டுக்குள் வந்த நாளிலேயே வந்தது. 1902ல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பதிவு செய்தபோது பாட்டு முடிந்ததும் ‘என் பெயர் கௌஹர் ஜான்’ என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார். பதிவு ஜெர்மனிக்குப் போய்த் தட்டாக வரும், அங்கே லேபிள் ஒட்டுகிறவனுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. அப்புறம் பல கலைஞர்கள் அப்படியே செய்தார்கள். அந்தப் பழைய தட்டுகளைக் கேட்டால் பாட்டின் வால் நுனியில் அந்தக் குரல் வரும், எனக்கு சில சமயம் பாட்டை விட அந்த இடம்தான் பிடிக்கும். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் மெழுகில் பதிந்தவர்களுக்கு இருந்த அக்கறை, கையடக்க போனில் பதிகிற நமக்கு இல்லை.

இன்னொன்று அமெரிக்காவில் நடந்தது. மிசிசிப்பி மாநிலத்து விவசாயக் கூலி ஒருவர், ஜான் ஹர்ட் என்று பெயர், 1928ல் சில பாட்டுகள் பதிவு செய்தார். கிட்டாரைக் கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் ஒரு பக்கம் என்று அவர் மீட்டுவது இரண்டு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கும், குரலோ திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற குரல். தட்டுகள் விற்கவில்லை, பொருளாதார மந்தம் வந்தது, அவர் நிலத்துக்கே திரும்பிப் போய்விட்டார். முப்பத்தைந்து வருஷம் யாரும் தேடவில்லை. அவர் பாட்டொன்றில் அவலான் என் சொந்த ஊர் என்று ஒரு வரி வரும். அதைக் கேட்ட ஒரு ரசிகர் பழைய வரைபடத்தில் அந்தக் குக்கிராமத்தைத் தேடிப் பிடித்து 1963ல் நேரே போனார். ஆள் இருந்தார்! அதே வருஷம் பெரிய விழா மேடையில் பாடினார், 1966ல் சாகும்வரை பாடிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு ஊர்ப் பெயர் செய்த வேலை இது. நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. செய்யாறு அருகே புரிசை என்ற ஊர் இருப்பது தெருக்கூத்தே பார்க்காதவர்களுக்குக்கூடத் தெரிகிறது என்றால், அந்த ஊர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரான் பெயரும் ஊர்ப் பெயரும் ஒட்டிக்கொண்டே போனதுதான் காரணம். புரிசைக்கு வாய்த்தது மற்ற ஊர் ஜமாக்களுக்கு வாய்க்கவில்லை, ஆட்டத்தில் அவர்கள் குறைந்தவர்களா என்றால் இல்லை.

கேசட் காலத்தில் இந்த விஷயத்தில் நாம் ஒழுங்காக இருந்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரெக்கார்டிங் கடையில் நோட்டுப் புத்தகக் காகிதத்தில் லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். கடைக்காரர் உள்ளே இருக்கும் அட்டையில் பொடி எழுத்தில் படம், பாடினவர், இசை எல்லாம் எழுதித் தருவார், ஏ பக்கம் பி பக்கம் என்று கோடு போட்டு. கூத்து கேசட் என்றால் ஜமா பெயர், வாத்தியார் பெயர், ஊர், தேதி. என்னிடம் இன்னும் சில இருக்கின்றன, டேப் பூஞ்சை பிடித்து ஓடாது, அட்டை மட்டும் படிக்க முடிகிறது. அதை வைத்தே இரண்டு வாத்தியார்களின் பிள்ளைகளைத் தேடிப் பார்க்க முடிந்தது. இன்றைய கோப்பு ஓடும், படிக்க அதில் ஒன்றும் இருக்காது.

பெயரோடு, ஏன் அனுப்புகிறேன் என்று ஒரு வரியும் வேண்டும் என்பேன். சும்மா ‘கேளுங்க’ என்று தள்ளிவிட்டால் யாரும் கேட்பதில்லை, நானே கேட்பதில்லை. பிரான்சின் மேற்குக் கோடியில் பிரிட்டனி என்று ஒரு பகுதி, அங்கே பொம்பார்ட் என்று சீவாளி வைத்து ஊதும் குழல் உண்டு. கூட ஒருவர் காற்றுப்பை வைத்த பினியூ வாசிப்பார். பொம்பார்ட்காரர் ஒரு அடி ஊதிவிட்டு மூச்சு வாங்குவார், பினியூக்காரர் அதைத் திருப்பிச் சொல்வார், இப்படியே ராத்திரி முழுக்க ஊர் கைகோத்து ஆடும். இதை எங்கள் ஷெட்டில் பாக்ஸில் போட்டு, ஊதி ஊதி ஓய்ந்த ஒரு முகவீணைப் பெரியவரிடம், ‘ஐயா, இது உங்க வாத்தியம் மாதிரியே இருக்குது, கேட்டுப் பாருங்க’ என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், ‘இன்னா தம்பி இது, நம்ம முகவீணைக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் மாதிரி கீது’ என்றார். பிறகு படத்தைக் காட்டினேன். பினியூக்காரரின் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘அவனுக்குப் பை கீது, எனக்கு விடியறவரைக்கும் இந்தக் கன்னம்தான்.’ அப்புறம் அதையே திரும்பப் போடச் சொன்னார்.

அதே மாதிரி மாலி நாட்டு அலி ஃபர்கா தூரே. நைஜர் ஆற்றங்கரை நியாஃபுங்கே ஊர்க்காரர், பின்னாளில் அந்த ஊருக்கே மேயராக இருந்தவர், 2006ல் காலமானார். அவர் கிட்டாரைக் கேட்டால் சில பாட்டுகளில் அப்படியே சுத்த தன்யாசி ராகம் நிழலாடும், ஐந்து சுரத்துக்குள் சுற்றிச் சுற்றி வருவார். கர்நாடக சங்கீதம் கேட்கிற ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் ‘ஆப்பிரிக்க இசை’ என்று சொல்லாமல் ‘சுத்த தன்யாசி’ என்று சொல்லிக் கொடுத்தேன், இப்போது அவர்தான் எனக்குத் தேடித் தேடி அனுப்புகிறார். எதிர்த்திசையிலும் நடக்கும். ராப் தவிர வேறெதுவும் காதில் ஏற்றாத என் அக்கா மகனுக்கு, ‘டேய், இவ்வளவு வேகமா உங்க ஆளுங்க சொல்வாங்களா பாரு’ என்று முருகன் வேலைப் பாடும் வேல்மாறலைப் போட்டுக் காட்டினேன். அருணகிரிநாதரின் வேல் வகுப்பில் இருப்பது பதினாறு அடி, அதை மாற்றி மாற்றி அடுக்கி அறுபத்துநான்காக்கியவர் நம்ம வள்ளிமலை சுவாமிகள், காட்பாடி தாண்டினால் வருகிற அதே வள்ளிமலை. பையன் பக்தியில் உருகவில்லை, மூச்சு எங்கே விடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தான். அது போதும்.

உங்கள் பத்திரிகையிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. திருவிழாச் செய்தியின் கடைசியில் ‘இரவு தெருக்கூத்து நடைபெற்றது’ என்று ஒரு வரி போடுகிறீர்கள். அன்னதானம் செய்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது, விடியவிடிய ஆடினவர்களுக்கு இல்லை. இன்னார் ஜமா, இன்ன ஊர், முகவீணை இன்னார், மிருதங்கம் இன்னார் என்று இன்னும் ஒரு வரி சேருங்கள். மயானக் கொள்ளைக்குப் பாலாற்றில் கூடும் கூட்டத்தைப் படம் பிடித்து முதல் பக்கத்தில் போடுகிறீர்கள், படத்தில் பம்பை அடிக்கிறவர் யார் என்று கீழே எழுதுங்கள். திருவிழா அழைப்பிதழ் அச்சடிக்கிற கமிட்டிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், உபயதாரர் வரிசையில் நாலு பெயரைச் சுருக்கினால் ஒரு ஜமாவின் பெயர்ப் பட்டியலே அடங்கிவிடும்.

அப்புறம் இன்னொரு சங்கடம். பழைய வட ஆற்காடு இன்றைக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலு மாவட்டம், உங்கள் மாவட்டப் பக்கமும் அந்தந்தக் கோட்டோடு நின்றுவிடுகிறது. கூத்துக்காரர்கள் அந்தக் கோடுகளைப் பார்த்து ஆடுவதில்லை. ஆரணி, செய்யாறு, வந்தவாசி பக்கம் எந்த ஊரில் எந்தத் தேதியில் பாரதம் என்று குடியாத்தத்துக்காரனுக்குத் தெரிய வேண்டுமென்றால் யாராவது சொந்தக்காரர் போன் பண்ணினால்தான் உண்டு. மாசி கடைசியிலிருந்து சித்திரை முடியும்வரை மட்டுமாவது நாலு மாவட்டத்துக்கும் பொதுவாகக் களரித் தேதிகளை வாரம் ஒருமுறை போட முடியுமா? தகவல் திரட்ட ஆள் இல்லை என்றால் மைக் செட்காரர்களைக் கேளுங்கள், எந்த ஊரில் என்ன என்பது எங்கள் டைரியில் இரண்டு மாதத்துக்கு முன்பே ஏறியிருக்கும். குடியாத்தம் பக்கத்துத் தேதிகளை நானே எழுதி அனுப்புகிறேன், ஜமா பெயர்களோடு.

இப்படிக்கு,
மைக் செட் தொழிலாளி ஒருவர்,
குடியாத்தம்.