பக்கத்து வீட்டுத் தாத்தாவின் கோபம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் போடத் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, முட்டி. வலது முட்டி மறுபடியும் வீங்கி, பத்து நாளாகப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறுகிறேன், பேத்தி பின்னாலேயே வந்து அப்படியே நடித்துக் காட்டுகிறாள். டாக்டர் நடக்கச் சொல்கிறார், வீட்டில் உட்காரச் சொல்கிறார்கள். நான் உட்கார்ந்துகொண்டு உனக்கு எழுதுகிறேன்.

1967 என்று சொன்னாலே உன் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு முகம் சிவந்துவிடுகிறது, அர்ஜென்டினாக்காரர்கள் கோப்பையைத் திருடிவிட்டார்கள் என்கிறார், என்னடா கதை அது என்று கேட்டிருந்தாய். கிளாஸ்கோவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிவிட்டு இதை என்னிடம் கேட்கிறாய் பார்!

அது இன்டர்கான்டினென்டல் கோப்பை. ஐரோப்பாவின் சாம்பியன் கால்பந்து கிளப்பும் தென் அமெரிக்காவின் சாம்பியன் கிளப்பும் மோதியது, 1960-ல் தொடங்கி 2004 வரை நடந்தது. இறுதிப்போட்டி என்று பெயர், ஆனால் அப்போது ஆட்டம் இரண்டு, உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று. இதில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான். நாம் பக்கத்து ஊருக்கு விளையாடப் போவோமே, அந்த கோல் போஸ்டுக்குப் பின்னால் கிணறு இருக்குமே, நாம் கோல் போட வேண்டிய நேரமாகப் பார்த்து அவர்கள் பந்தைக் கிணற்றில் போட்டுவிட்டு ஆளைத் தேடுவார்கள். அடுத்த ஞாயிறு அவர்கள் நம் மைதானத்துக்கு வந்தால் நாமும் சும்மா விட்டதில்லை. அந்தக் கணக்குதான் இது, நடுவில் ஒரு கடல், அவ்வளவு வித்தியாசம்.

ஆனால் விதி எழுதினவர்கள் ஒரு கோணல் வேலை செய்திருந்தார்கள். 1968 வரைக்கும் இரண்டு ஆட்டத்து கோல்களைக் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். வெற்றிக்கு இரண்டு புள்ளி, டிராவுக்கு ஒன்று. ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்தால் மூன்றாவது ஆட்டம், எத்தனை கோல் வித்தியாசம் என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. 1961-ல் போர்ச்சுகலின் பென்ஃபிகா தன் ஊரான லிஸ்பனில் 1-0 ஜெயித்தது, உருகுவேயின் பென்யரோல் தன் ஊரில் 5-0 என்று வெளுத்து வாங்கியது, கூட்டினால் 5-1. அதற்கும் மூன்றாவது ஆட்டம்! பென்யரோல் 2-1 ஜெயித்ததால் பிழைத்தது.

இப்போது தாத்தாவின் வருஷத்துக்கு வருகிறேன். 1967 மே 25 அன்று உன் கிளாஸ்கோவின் செல்டிக் கிளப் லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 தோற்கடித்து ஐரோப்பிய சாம்பியன் ஆனது. பயிற்சியாளர் ஜாக் ஸ்டீன். ஆடிய பதினோரு பேருமே கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள், இனி எந்த ஊருக்கும் வாய்க்காத ஒன்று. எதிரே அர்ஜென்டினாவில் பியூனஸ் அயர்ஸை ஒட்டிய அவெல்லனேடாவின் ரேசிங் கிளப். அக்டோபர் 18, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க், கார்னரில் வந்த பந்தை செல்டிக் கேப்டன் பில்லி மெக்நீல் தலையால் முட்டி உள்ளே தள்ள, 1-0. அன்றைக்கே அடிதடிதான். செல்டிக்கின் ஜிம்மி ஜான்ஸ்டன் என்ற குட்டையான விங்கர் (ஓரத்தில் ஓடி ஆடுபவர்), பந்து காலில் இருந்தால் பிடிக்கவே முடியாது, அதனால் ஆளைப் பிடித்தார்கள். இடைவேளையில் அவர் தலைமுடியில் இருந்த எச்சிலைக் கழுவிவிட்டுத்தான் திரும்ப வந்தாராம்.

நவம்பர் 1, அவெல்லனேடா. ஆட்டம் தொடங்கும் முன்பே கூட்டத்திலிருந்து பறந்து வந்த ஏதோ ஒன்று செல்டிக் கோல்கீப்பர் ரோனி சிம்ப்சனின் மண்டையைப் பதம் பார்த்தது. அவரால் ஆட முடியவில்லை, ஜான் ஃபாலன் இறங்கினார். டாமி கெம்மல் பெனால்டியில் கோல் போட்டும் ரேசிங் 2-1 ஜெயித்தது.

இங்கேதான் தாத்தாவோடு எனக்குத் தகராறு. கூட்டிப் பார், 2-2. வெளியூரில் போட்ட கோலுக்கு மதிப்பு என்ற விதி இருந்திருந்தால் கெம்மலின் அந்த ஒரு கோலுக்கே கோப்பை கிளாஸ்கோவுக்குப் போயிருக்கும், ஏனென்றால் ரேசிங் ஹாம்ப்டனில் ஒன்றுகூடப் போடவில்லை. மண்டையில் எறிந்தவனை விட்டுவிட்டு விதி எழுதினவனைத் திட்டச் சொல் அவரை.

மூன்றே நாளில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் உருகுவேயின் மான்டிவீடியோவில் மூன்றாவது ஆட்டம். அதை ஆட்டம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. செல்டிக்கில் நான்கு பேர், ரேசிங்கில் இரண்டு பேர் வெளியேற்றப்பட்டார்கள், போலீஸ் மைதானத்துக்குள் வந்தது. அப்போது ரெட் கார்டு கிடையாது, 1970 உலகக் கோப்பையில்தான் கார்டுகள் வந்தன, அதனால் நடுவர் கையைக் காட்டி வெளியே போகச் சொல்ல வேண்டும். செல்டிக்கின் பெர்ட்டி ஆல்ட் போகவே இல்லை. நின்று கடைசிவரை ஆடி முடித்துவிட்டுத்தான் போனார்! இத்தனை கூத்துக்கு நடுவில் ரேசிங்கின் கார்டெனாஸ் தூரத்திலிருந்து இடது காலால் அடித்த ஒரு அடி, ரேசிங் 1-0. சண்டையை மறந்துவிட்டுப் பார்த்தால் அருமையான கோல், அதைத் தாத்தாவும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் செல்டிக் நிர்வாகமே தன் ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 250 பவுண்டு அபராதம் போட்டது. அடியும் வாங்கி அபராதமும் கட்டினவர்கள்.

ஜெயித்தவர்கள் மட்டும் நிம்மதியாக இருந்தார்களா? பக்கத்திலேயே இருக்கும் பரம எதிரி இன்டிபென்டியன்ட்டேயின் ரசிகர்கள் ரேசிங் மைதானத்தில் ஏழு செத்த பூனைகளைப் புதைத்துவிட்டார்கள் என்று அங்கே ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம், ஆனால் 1966-ல் லீக் ஜெயித்த ரேசிங்குக்கு அடுத்த லீக் பட்டம் 2001-ல்தான் கிடைத்தது.

இதற்குப் பிறகு 1969-லிருந்து கோல்களைக் கூட்ட ஆரம்பித்தார்கள், ஆனால் அடிதடி நிற்கவில்லை. அதே வருஷம் அர்ஜென்டினாவின் எஸ்டுடியான்டஸ் கிளப் ஆட்டக்காரர்கள் ஏசி மிலானின் ஆட்டக்காரர் கோம்பினின் மூக்கை உடைத்தார்கள், மூன்று பேர் ஜெயிலுக்கே போனார்கள். ஐரோப்பிய சாம்பியன்கள் வர மறுத்து, 1974-ல் அந்தப் பட்டமே இல்லாத அட்லெடிகோ மாட்ரிட், சாம்பியனான பேயர்னுக்குப் பதிலாகப் போய் ஜெயித்தது. கடைசியில் 1980-ஆம் வருஷக் கோப்பையிலிருந்து டோக்கியோவில் ஒரே ஆட்டம், டொயோட்டா பணம், சிறந்த ஆட்டக்காரருக்குக் கார். யாருக்கும் அடிபடவில்லை, சரிதான். ஆனால் யாருக்கும் சொந்த ஊரும் இல்லை.

தாத்தாவிடம் ஒன்று கேட்டு எழுது. அன்று ஹாம்ப்டனில் இருந்தாரா, இருந்தால் எந்தப் பக்கம் நின்று பார்த்தார், மெக்நீல் கோல் அங்கிருந்து தெரிந்ததா. விதி விஷயத்தை மெதுவாக, அவர் டீ குடித்து முடித்த பிறகு சொல்.

முட்டிக்கு அங்கே ஏதாவது நல்ல பட்டை கிடைத்தால் அடுத்த முறை வரும்போது ஒன்று வாங்கி வா.

உன்
முருகேசன்